பம்ப் ரூமும் அதைச் சார்ந்த விஷயங்களும்

சோலைமலை அபார்ட்மென்ட்ஸில் நோட்டீஸ் எப்போதும் இரண்டு தாளாக வரும். ஒன்று இங்கிலீஷ், ஒன்று தமிழ். டெல்லி மயூர் விஹாரில் நிலம் வாங்கி நாற்பது வீடு கட்டிக்கொண்டபோது அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். அன்றைக்குப் போட்ட விதி அது. இப்போது பதினைந்து வீடு கைமாறி, அரோரா, திரிபாதி என்றெல்லாம் பெயர்ப்பலகை தொங்குகிறது. விதியை மட்டும் யாரும் மாற்றவில்லை. இங்கிலீஷ் தாளை எல்லோரும் படிப்பார்கள். தமிழ்த் தாளைப் படிக்கிற ஒரே ஆள் தரைத்தளம் மூன்றாம் நம்பர் கலியமூர்த்திதான்.

அவரும் ஆசையால் படிப்பவரில்லை, சந்தேகத்தால் படிப்பவர். பண்ருட்டிப் பக்கம் ஐந்தாவது வரைக்கும் போனதோடு சரி. டெல்லிக்கு வந்து ஒரு அமைச்சகத்தில் முப்பத்து நாலு வருஷம் பியூனாக இருந்தார். ஃபைல் தூக்குவது, ஃபைல் கட்டுவது, மீட்டிங்கில் டீ வைப்பது. உள்ளே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஃபைல் எந்த அறைக்குப் போனால் யாருடைய சோறு போகும் என்று தெரியும். ஒருமுறை ஆறு தினக்கூலி ஆட்களைப் பற்றிய ஃபைலை மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார். 'தகுந்தபடி ஏற்பாடு செய்யலாம்' என்று ஒரே ஒரு வரிதான் அதில் இருந்ததாம். திங்கட்கிழமை ஆறு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நிறுத்தியது யார் என்று கேட்டால் யாருமே இல்லை. நிறுத்து என்று எவனும் எழுதவில்லையே! அந்த நாளிலிருந்து, வழுவழுவென்று ஒரு வார்த்தையைப் பார்த்தாலே அவர் அதை இரண்டாம் தடவை படிப்பார்.

ஆபீசர்கள் கட்டின சொசைட்டியில் பியூனுக்கு எப்படி வீடு என்று கேட்கலாம். பதிவு செய்யும்போது உறுப்பினர் கணக்குக்கு இரண்டு ஆள் குறைந்தது. டீ கொண்டுவந்த ஆளையே பிடித்துப் பேருக்குக் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் பேருக்குத்தான் சேர்த்தார்கள். கலியமூர்த்தி பேருக்குச் சேரவில்லை. ஒரு தவணை விடாமல் கட்டி, சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மே மாதம், பொதுக்குழு நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை. கூலருக்கு முன்னால் உட்கார்ந்து நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவர், நாலாவது வரியில் நின்றுவிட்டார்.

"ஏய், இங்க வா. இது என்னா போட்டிருக்கான் பாரு."

அம்சவேணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். அந்த மூன்று வகுப்பு வித்தியாசத்தை ஐம்பது வருஷமாக அவள் மறந்ததில்லை.

"'புதிய தானியங்கி மோட்டார் நிறுவுதலும், பம்ப் அறை நவீனமயமாக்கலும், அதைச் சார்ந்த விஷயங்களும்'." படித்துவிட்டு அவரைப் பார்த்தாள். "சார்ந்த விஷயங்களா? இது நம்ம கறிவேப்பிலையைத் தின்ன வார்த்தை இல்ல?"

அதேதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் 'பூங்கா அழகுபடுத்துதலும் அதைச் சார்ந்த பணிகளும்' என்று ஒரு தீர்மானம் வந்தது. பூங்கா அழகாவதை யார் வேண்டாம் என்பார்கள்? கலியமூர்த்தியும் கையைத் தூக்கினார். பத்தாம் நாள் தோட்டக்கார மாலி வந்து, அம்சவேணி ஜன்னலோரம் பதினோரு வருஷம் வளர்த்த கறிவேப்பிலையை வேரோடு பிடுங்கிப்போட்டுவிட்டுப் புல் பதித்தான். கேட்டதற்குச் செயலாளர் சந்திரமௌலி மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "ஏகமனதாக நிறைவேறியிருக்கே. நீங்களும் கை தூக்கினேளே." அதற்குப் பிறகு ரசம் தாளிக்கும்போதெல்லாம் வீட்டில் அந்தத் தீர்மானம் வாசிக்கப்படும்.

"இந்த வாட்டி எதைப் பிடுங்கப் போறாங்க?" என்றாள் அம்சவேணி.

கலியமூர்த்திக்குத் தெரிந்துபோயிற்று. வியாழக்கிழமை சந்திரமௌலி ஒரு தச்சனைக் கூட்டிக்கொண்டு பம்ப் ரூமுக்குப் போனதை அவர் பார்த்திருந்தார். உள்ளே நாடா பிடித்து அளந்தார்கள். "மேஜை இந்தப் பக்கம், அலமாரி அந்தப் பக்கம்" என்று சத்தம் கேட்டது. மோட்டாருக்கு மேஜை எதற்கு?

பம்ப் ரூமை ஒட்டி ஒரு அறை உண்டு, அளந்தது அதைத்தான். அதில் சுப்பையாவும் அவன் பெண்சாதி ஆராயியும் பதினெட்டு வருஷமாக இருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்து மோட்டார் போடுவது சுப்பையா. மூன்று படிக்கட்டையும் பெருக்கித் துடைப்பது ஆராயி. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். ஓடை ஓரத்துக் குடிசைகளை இடித்தபோது மூட்டையோடு வந்தவர்களை அந்தக் காலத்துச் சொசைட்டித் தலைவர் அங்கே இருக்கச் சொன்னார். வாயால் சொன்னார், எழுதவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அறை போனால் அந்த இரண்டு பேருக்கும் டெல்லியில் கால் வைக்க வேறு இடம் கிடையாது.

சுப்பையாவைக் கலியமூர்த்திக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. டாங்க் நிரம்பி வழிந்து மூன்றாம் நம்பர் வீட்டுச் சுவரெல்லாம் ஊறியதில், இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் அம்சவேணி. "கத்தாத. நீ கத்துனா அவரு சிரிப்பாரு. அவரு சிரிச்சா எல்லாரும் சிரிப்பாங்க. முடிஞ்சிது."

"நான் ஏன் கத்தறேன்?" என்று கத்திவிட்டுக் கிளம்பினார்.

சொசைட்டி ஹாலில் நாற்காலி போட்டிருந்தது. போட்டது சுப்பையா. கலியமூர்த்தியைக் கண்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபேனைக் கூட்டிவிட்டுப் போனான். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் சனிக்கிழமை பெண்கள் ஆடிய தம்போலா நம்பர்கள் அழியாமல் இருந்தன. இருபத்தேழு பேர் வந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் தலைவர் ஜெயராம், ரிட்டயரான பெரிய அதிகாரி, நல்லவர், காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் சந்திரமௌலி. ஆபீஸிலேயே டிராஃப்ட் எழுதுவதில் பேர் வாங்கினவர். அவர் எழுதிய தாள்களைக் கலியமூர்த்தி எத்தனையோ மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

சந்திரமௌலியிடம் ஒரு பழக்கம் உண்டு. சங்கடமான விஷயத்தை வடை வருகிற நேரத்துக்கு வைத்துக்கொள்வார். வருஷா வருஷம் பதினொன்றரைக்கு வடையும் காப்பியும் வரும். வாசனை வந்ததும் எல்லோருக்கும் கை தானாக மேலே போய்விடும். யாரோ மேஜையைத் தட்டுவார்கள். ஏகமனது.

இன்றும் அப்படித்தான். மூன்று விஷயம் முடிவதற்கும், ஆராயி பெரிய எவர்சில்வர் தூக்கோடு வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"நாலாவது," என்றார் சந்திரமௌலி எழுந்து. "ரொம்ப சிம்பிள். நாற்பது வருஷத்து மோட்டார். வாரத்துல ரெண்டு நாள் நிக்கறது. ஆட்டோமேட்டிக் மோட்டார் போட்டா தானே ஓடும், தானே நிக்கும். அரோரா மேடம், பானி கீ பிராப்ளம் கதம்! தண்ணிக் கஷ்டம் தீர்ந்தது. ஆதரிக்கிறவா கை தூக்கலாம்."

கைகள் கிளம்பின.

"சார், ஒரு நிமிஷம்," என்று எழுந்தார் கலியமூர்த்தி. "மோட்டார்னு சொன்னீங்க. தாள்ல மூணு இருக்குது. மோட்டாரு, நவீனம், சார்ந்த விஷயம். அந்தச் சார்ந்த விஷயம் என்னா?"

"அது பொதுவா போடறதுதான். பின்னாடி ஏதாவது சின்ன வேலை வந்தா ஒவ்வொண்ணுக்கும் கூட்டம் கூட்ட முடியுமா?"

"சின்ன வேலைன்னா என்னா வேலை?"

"கலியமூர்த்தி, வடை ஆறிடும்," என்றார் சந்திரமௌலி. சிரித்தார். அம்சவேணி சொன்னபடியே எல்லோரும் சிரித்தார்கள்.

கலியமூர்த்தி போய் ஆராயியின் கையிலிருந்து தூக்கை வாங்கினார். தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடி நின்றார்.

"ஆறட்டும். ஆறின வடையைத் தின்னு யாரும் சாவ மாட்டாங்க. எங்க வீட்டுக் கறிவேப்பிலைகூட சின்ன வேலைதான் சார். பத்தாம் நாளு புல்லு மொளச்சிது. வியாழக்கிழமை தச்சனைக் கூட்டியாந்து எதுக்கு அளவெடுத்தீங்க? மோட்டாரு என்னா, மேஜை போட்டு உக்காந்து கையெழுத்துப் போடுமா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போயிற்று. பின்வரிசையில் இருந்த கௌதமன், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், பக்கத்திலிருந்த அரோரா மேடத்துக்கு இந்தியில் சொல்ல, அந்த அம்மாள் அரை நிமிஷம் தாமதமாகச் சிரித்தாள்.

சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓபனாவே சொல்றேன். ஆட்டோமேட்டிக் மோட்டார் வந்தா ஆபரேட்டர் தேவையில்லை. அந்த ரூம் சொசைட்டி ஆபீஸுக்கு உபயோகப்படும். இதுல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

"ஒளிக்கலைன்னா எழுதிப் போடுங்க. சுப்பையாவைத் தூக்கப் போறோம்னு தாள்ல போட என்னா தடை?"

"அப்படி அப்பட்டமா யாராவது தீர்மானம் எழுதுவாளா?"

"அப்பட்டமா செய்யலாம், அப்பட்டமா எழுதக் கூடாதா?"

ஜெயராம் காதில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். "கலியமூர்த்தி, நீங்க கேக்கறது என்ன? தெளிவா சொல்லுங்க."

"பிரிக்கணும் சார். மோட்டாரை ஒரு தீர்மானமா போடுங்க. நானே மொதல்ல கை தூக்கறேன், எனக்கும்தான் தண்ணி வேணும். ஆளை இன்னொரு தீர்மானமா போடுங்க. மோட்டார் வேணும்னு தூக்கற கையில ஆளைக் கழுத்தைப் பிடிச்சித் தள்ளறது வேணாம்."

"இதை யாராவது வழிமொழியணும்," என்றார் சந்திரமௌலி நிதானமாக. யாரும் மாட்டார்கள் என்று தெரிந்த குரல்.

கௌதமன் போனைப் பார்த்தான். கலியமூர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகங்கள். தண்ணீர் நின்றால் சுப்பையா, சுப்பையா என்று மாடியிலிருந்து கூப்பிடுகிற முகங்கள். இப்போது எல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் வழிமொழியறேன்," என்று ஒரு குரல் வந்தது. இரண்டாம் மாடி ஜெயலட்சுமி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவள். "ரெண்டு கணக்கை ஒரே வரியில போட்டா விடை எப்படி வரும்? பிரிங்க."

ஜெயராம் காதுதான் மந்தம், விதியில் அவர் கறார். பிரித்தார். மோட்டார் தீர்மானம் இருபத்தேழுக்கு இருபத்தேழு. கலியமூர்த்தியின் கைதான் முதல் கை.

அடுத்து சந்திரமௌலி ஒரு வேலை செய்தார். முப்பது வருஷம் டிராஃப்ட் எழுதின கை சும்மா இருக்குமா? "ரெண்டாவதை அவர் இஷ்டப்படியே போடறேன்," என்று பெரிய மனதாகச் சொல்லிவிட்டு வாசித்தார். "'பம்ப் அறையை ஒட்டிய அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை.' திருப்தியா? ஆதரிக்கிறவா கை தூக்குங்கோ."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஜெயலட்சுமிகூடக் கையைத் தூக்கினாள்.

"வேணாம் டீச்சர், கீழ போடுங்க," என்றார் கலியமூர்த்தி. "சார், நல்லா இருக்குதே இந்த ஆட்டம். இதுக்குப் பதினாலு கை வரலைன்னா அவன் வெளிய போவணும். எவனும் போன்னு சொல்லலை, எவனும் கை தூக்கலை, ஆனா அவன் போயிடுவான். சும்மா உக்காந்திருந்தாலே வேலை முடிஞ்சிடும். அதானே? அனுப்பணும்னு நெனைக்கிறவங்கதான் கை தூக்கணும். நான் ஏன் தூக்கணும்? நான் எதையும் மாத்தச் சொல்லலையே."

ஜெயராம் தலையை ஆட்டினார். "அது நியாயம். எதைச் செய்யப் போறோமோ அதைத்தான் தீர்மானமா வைக்கணும். செய்யாம இருக்கறதுக்குத் தீர்மானம் எதுக்கு? மாத்தி எழுதுங்க, மௌலி."

"பலகையில எழுதுங்க," என்றார் கலியமூர்த்தி. "எல்லாரும் பாக்கற மாதிரி."

சந்திரமௌலியின் காது சிவந்துவிட்டது. தம்போலா நம்பர்களை அழித்துவிட்டு எழுதினார். 'அறையைக் காலி செய்ய வைக்க வேண்டும்.'

"யாரை?"

'பம்ப் ஆபரேட்டரை' என்று சேர்த்தார்.

"அவனுக்குப் பேரு இருக்குது."

'சுப்பையாவை.'

"எப்போ?"

'ஜூன் 30க்குள்.'

"யாரு போயி சொல்லணும்?"

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "அது நிர்வாகம் பாத்துக்கும்."

"நிர்வாகத்துக்குக் கையும் காலும் இருக்குதா சார்? படியேறி எறங்குமா? எங்க ஆபீஸுலயும் நிர்வாகம்தான் ஆறு பேரைத் தொரத்திச்சி. இன்னிக்கு வரைக்கும் அந்த நிர்வாகத்தை நான் நேர்ல பாத்ததில்ல. பேரு எழுதுங்க. செயலாளர் சந்திரமௌலி நேர்ல போயி சொல்லணும். எழுதுங்க."

எழுதினார். எழுதி முடித்தபோது பலகையில் இருந்தது இதுதான்: 'ஜூன் 30க்குள் சுப்பையாவை அறையைக் காலி செய்ய வைக்க வேண்டும். இதைச் செயலாளர் சந்திரமௌலி அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.'

கௌதமன் மெதுவாக இந்தியில் சொல்லி முடித்தான். அரோரா மேடம் "அரே, சுப்பையாவையா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். மோட்டார் விஷயம் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள்.

சுப்பையா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். ஆராயி அவன் தோளுக்குப் பின்னால் இருந்தாள். கை தூக்குகிறவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தூக்க வேண்டும்.

ஒன்பது கை வந்தது. கலியமூர்த்தி அந்த ஒன்பது பேரையும் திட்டவில்லை. மனதில் இருப்பதை வெளியே காட்டினவர்கள், போகட்டும். எதிர்த்துப் பதினாலு. நாலு பேர் இரண்டு பக்கமும் தூக்காமல் காப்பியை எதிர்பார்த்தார்கள். தீர்மானம் தோற்றது.

"முடிஞ்சுதா? வடையை எடுங்கோ," என்றார் சந்திரமௌலி.

"எங்க சார் முடிஞ்சிது? அனுப்பறதில்லைன்னுதான் ஆச்சி. இருக்கலாம்னு எங்க ஆச்சி? அடுத்த வருஷம் மழைத் தண்ணி வடிகாலும் அதைச் சார்ந்த விஷயமும்னு வரும். இப்ப என் தீர்மானத்தை எடுத்துக்குங்க."

நடந்துபோய் மார்க்கரை வாங்கினார். வாழ்க்கையில் பலகையில் எழுதியதில்லை. எழுத்து பெரிதும் சிறிதுமாக, மேலே ஏறிக்கொண்டே போயிற்று. 'சுப்பையா அந்த ரூமிலேயே இருப்பான்.' தள்ளி நின்று பார்த்தார். குறையாக எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எது வரைக்கும்?" என்று கேட்டாள் ஜெயலட்சுமி.

"எது வரைக்கும்னா... இருக்கற வரைக்கும்."

"யாரு இருக்கற வரைக்கும்? நீங்கதானே அண்ணா அவரைக் கேட்டீங்க, எப்போ, யாருன்னு. உங்களை நான் கேக்கக் கூடாதா?"

சந்திரமௌலி மூக்கைச் சொறிவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் வாசலிலிருந்து குரல் வந்தது.

"என்னை ஒருத்தரும் கேக்கலையே."

ஆராயி. படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"உறுப்பினர் இல்லாதவா பேசக் கூடாது," என்றார் சந்திரமௌலி.

"பேசலாம்னு தீர்மானம் போடறேன்," என்றாள் ஜெயலட்சுமி. "அஞ்சு நிமிஷம். கை தூக்குங்க." அதற்கு வழிமொழிந்தது கௌதமன். போனைப் பையில் போட்டுவிட்டிருந்தான். கைகளை ஜெயராம் எண்ணினார். பேசலாம் என்றார்.

ஆராயி பலகையைக் காட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல என்னா எழுதியிருக்கீங்க அண்ணே?"

கலியமூர்த்தி வாசித்தார்.

"அவரு பேரு இருக்குது. எம்பேரு எங்க?"

"நீயும்தானே அவன் கூட..."

"அவரு கூடன்னா? அவருக்கு நெஞ்சுல ரெண்டு வாட்டி வலி வந்துடிச்சி. இந்த வெயிலுக்கு நாளைக்கே அவரு போயிட்டாருன்னா, ரூமும் அவரு கூடவே போயிடுமா? அவரு மோட்டாரு போடறாரு. மூணு படிக்கட்டு யாரு கூட்டறது? எங்க ஆயாவா வந்து கூட்டுது? நீங்க அவருக்காவ சண்டை போடறீங்க, சரி. ரெண்டு மாசமா அவரு மூஞ்சியைக்கூடப் பாக்கல நீங்க. என்னா வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இருப்பான்னு எழுதறீங்க. இருப்பான், போவான்னு எழுதறதுக்கு நாங்க என்னா ஆடா மாடா?"

சுப்பையா பின்னாலிருந்து "ஏய், விடு" என்று முந்தானையை இழுத்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

கலியமூர்த்திக்குக் கோபம் வந்தது. இவளுக்காக ஒருவன் இந்தப் புழுக்கத்தில் நின்று கத்தினால் நன்றியைப் பார்! பலகையைப் பார்த்ததும் கோபம் நின்றது. அவள் பேர் அதில் இல்லைதான். இருப்பான் என்றுதான் எழுதியிருந்தது. சந்திரமௌலி எழுதியிருந்தால் இதையே பிடித்து உலுக்கியிருப்பார்.

மொத்தத்தையும் அழித்தார். உள்ளங்கை கறுத்துவிட்டது.

"சரி, சொல்லு. என்னா எழுதட்டும்?"

அவள் சொன்னாள். அவர் எழுதினார். இடையில் ஜெயலட்சுமி ஒன்று கேட்டாள், சுப்பையா ஒன்று சொன்னான். 'ஆராயியும் சுப்பையாவும் இந்தச் சொசைட்டியின் வேலையாட்கள். இரண்டு பேரில் ஒருவர் வேலையில் இருக்கிற வரைக்கும் அறை அவர்களுடையது. காலி செய்யச் சொல்வதானால் பொதுக்குழு அவர்கள் பெயரைச் சொல்லித் தீர்மானம் போட்டு, ஆறு மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.'

"யார் எழுதிக் கொடுக்கணும்னு இல்லையே," என்றார் சந்திரமௌலி. வாய் தவறி வந்துவிட்டது. குறை உள்ள டிராஃப்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. "செயலாளர்னு போடுங்கோ."

கலியமூர்த்தி போட்டார்.

"ஆனா இதுல மூணு விஷயம் இருக்கு," என்றார் சந்திரமௌலி, சுதாரித்துக்கொண்டு. "பிரிக்கணும்னு நீங்கதானே சொன்னேள்?"

"பிரிங்க சார். மூணு வாட்டி கை தூக்கறோம். எனக்கென்னா, கை வலிச்சா வீட்டுல தைலம் இருக்குது."

மூன்று தடவை தூக்கினார்கள். வேலையாட்கள் என்பதற்கு இருபது. அறைக்குப் பதினாறு. ஆறு மாதத்துக்கு ஜெயராம் எண்ணி, மறுபடி எண்ணி, பதினாலு என்றார். எதிர்த்துப் பதின்மூன்று. ஒரு கை. அது யாருடைய கை என்று கலியமூர்த்தி பார்த்துவைத்திருந்தார். முன்பு ஒன்பது பேரில் ஒருவனாகத் தூக்கின அதே திரிபாதி. அந்த ஆள் ஏன் மாறினான் என்று அவருக்குப் புரியவில்லை. மனிதர்களை நம்ப அது போதாது. ஆனால் பதினாலு பதினாலுதான்.

"நிறைவேறியது," என்றார் ஜெயராம்.

சந்திரமௌலி பேனாவை மூடினார். "மினிட்ஸை நான் சாயங்காலம் எழுதிடறேன். இப்போ வடை."

"இப்பவே எழுதுங்க சார். பலகையில இருக்கறபடி."

"ஏன், சாயங்காலம் எழுதினா மாறிடுமா? என்னை நம்ப மாட்டேளா? நாற்பது வருஷமா தெரியும் உமக்கு என்னை."

"அதனாலதான் சார்."

ஹாலில் யாரோ 'ஹா' என்று சிரித்துவிட்டார்கள். ஜெயராம் மினிட்ஸ் புத்தகத்தைச் சந்திரமௌலி பக்கம் தள்ளினார். எல்லோரும் எழுந்து கூட்டமாக வடைக்கு வந்தார்கள். கலியமூர்த்தி தூக்கை எடுத்துக் கௌதமனிடம் கொடுத்தார். அவன் மூடியைத் திறந்து பார்த்து, "தண்டா ஹோ கயா, அங்கிள், ஆறிப்போச்சு," என்றான். தின்றார்கள். ஒருவரும் சாகவில்லை.

கலியமூர்த்தி தின்னப் போகவில்லை. தன் நாற்காலியை இழுத்துச் சந்திரமௌலியின் முழங்கைக்கு அருகில் போட்டு உட்கார்ந்தார். பேனாவின் நுனியைப் பார்த்தார். எழுதுகிற மொழி தமிழ்தான். தமிழ் நோட்டீஸுக்கு விதி இருந்ததுபோல் தமிழ் மினிட்ஸுக்கும் விதி இருந்தது. எழுத்துக் கூட்டிக்கொண்டே அவர் ஒவ்வொரு வரியாகப் பின்தொடர்ந்தார்.

சுப்பையா மணியைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு மாடி டாங்குக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். போகிற போக்கில் கலியமூர்த்தியிடம் நின்றான்.

"அந்தச் சுவரு. நாளைக்கு வந்து சிமெண்டு பூசறேன்."

"எத்தனை மணிக்கு?"

சுப்பையா அவரை முறைத்தான். "பத்து மணிக்கு. நான்தான் வருவேன். போதுமா?"

போனான். கொஞ்ச நேரத்தில் நாற்பது வருஷத்து மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

ஆராயி போகவில்லை. காலித் தம்ளர்களைச் சேர்த்துக் கொண்டுபோக அவளுக்கு வேலை இருந்தது. யாரோ கூப்பிடக்கூடச் செய்தார்கள். அவள் சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை உருவி, மேஜைக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாக அந்த ஹாலில் நாற்காலி துடைத்தவள், உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

சந்திரமௌலி நிமிர்ந்தார். "உனக்கு என்ன?"

"எழுதுங்க சார். எம்பேரு எந்த இடத்துல வருதுன்னு அண்ணன் விரல வச்சிக் காட்டட்டும். பாத்துட்டுப் போறேன்."